போற்றித் திருவகவலும் பத்தாந் திங்களும்

மணிவாசகப் பெருமான் தில்லையில் அருளிச்செய்ததாகக் கொள்ளப்பெறும் போற்றித் திருவகவல் 225 அடிகளை உடையது. அதற்குப் பண்டையோர் இட்ட கருத்துரை ‘சகத்தின் உற்பத்தி’ என்பது. ஓர் உயிர் தாயின் வயிற்றிற் கருவாய்ப் புக்க நாள்தொட்டு நிலத்திற் போதருங்காறும் தப்பிவந்த இடர்கள் அவ்வகவலில் திங்கள் முறையானே எண்ணப்படுகின்றன. திருமயிலையினும் ஏனைத் தலங்களினும் திருவாசக முற்றோதல் நிகழுங்கால் இப்பகுதியை விரைந்து கடப்பாரே பலர். பொருள் வினவுவார் சிலர். வினவினார்க்குச் சொல்லப்படும் விடைகளுள் இரண்டு ஈண்டு ஆராயற்பாலன. தாயின் வயிறு அருவருக்கத்தக்கது, பிறவி வெறுக்கத்தக்கது, அதனை உணர்த்தவே அடிகள் இடர்களை அடுக்கினார் என்பது ஒன்று. கருவுற்ற மகளிர், அவருள்ளும் நாள் நெருங்கினோர், இப்பகுதியை ஓதலும் கேட்டலும் மங்கலமாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மூலத்தோடும் சித்தாந்தத்தோடும் பொருந்துமா என்பதே வினா. நிறைமாதத்து மகளோ மருமகளோ உள்ள இல்லத்தில் திருவாசகம் ஓதப்படுமா, மூடிவைக்கப்படுமா என்பது இதன் விடையைப் பொறுத்தது ஆகலின், இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சி ஆகாமை காண்க.

முதற்கண் மூலத்தை நோக்குவாம். இப்பகுதியில் ஒவ்வோர் இடரின் பின்னும் ‘பிழைத்தும்’ என்னும் ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வருகின்றது. பிழைத்தல் என்பதற்குத் தவறு செய்தல் என்றும், தப்பி உய்தல் என்றும் இருபொருள் உண்டு. கருவிலுள்ள உயிர் தவறு செய்தற்கு இடமின்மையின் ஈண்டு உய்தலே பொருள் என்பது வெளிப்படை. ஆகவே அடிகள் எண்ணி வைத்தது உய்வுகளின் தொகையை என்பது பெறப்படும். திங்கள்தோறும் அழியத்தக்க ஓர் உயிர் திங்கள்தோறும் அழியாது காக்கப்பெற்றது. காத்தவர் யாவர்? கரு தன்னைத் தான் காத்துக்கொள்ளும் அறிவுடையதன்று. தாயும் தன் வயிற்றகத்து நிகழ்வதைக் காணமாட்டாள். ஆதலின் காப்பான் ஒருவன் உளன் என்பது சொல்லாமலே விளங்கும். அகவலின் பிற்பகுதியிற் ‘போற்றி’ என்னும் சொல் மழைபோற் பொழிவதற்கு முற்பகுதியில் எண்ணிய இவ்வுய்வுகளே காரணம். முற்பகுதியை விடுத்துப் பிற்பகுதியை மட்டும் ஓதுவார் கடன்பட்டதை மறந்து நன்றி கூறுவாரை ஒப்பர்.

இடர்ப்பட்டியலில் ஒரு பொருளை வைத்தமையே அப்பொருளை இகழ்ந்தமைக்குச் சான்றாகும் எனின், வேறொரு சிக்கல் விளையும். கருப்பகுதி முடிந்தபின் அடிகள் நாட்கடன்களையும், கல்வியையும், செல்வத்தையும், வறுமையையும் அதே வாய்பாட்டால் எண்ணுகின்றார். கல்வியை ஒரு கடலாகவே உருவகிக்கின்றார். இதுகொண்டு பள்ளி செல்லும் மாணாக்கர் போற்றித் திருவகவலை ஓதலாகாது என்று எவரேனும் விலக்கினாரோ? இல்லை. கல்வியிற் பிழைத்தல் என்றவிடத்துக் கல்வியால் வரும் செருக்கிற்கும் பிணக்கிற்கும் தப்புதல் எனப் பொருள் கொண்டு கல்வியைப் போற்றுகின்றோம். கருவிற் பிழைத்தல் என்றவிடத்தும் அந்நெறியே கொள்ளற்பாலது. ஒருவற்கு ஒரு நீதியும் ஒருத்திக்கு ஒரு நீதியும் உரைநெறி ஆகாது.

இன்னும் நுணுகி நோக்குவாம். பல்வகைப் பிறப்புக்களையும் தொகுத்துக் கூறுமிடத்து அடிகள் அப்பிறப்பிடங்களுக்கு ‘ஊனமில்’ என்னும் அடை தந்தனர். எண்ணிற் குறைவற்ற என உரைப்பினும், குற்றமற்ற என உரைப்பினும் அவ்வடையில் இகழ்ச்சி சிறிதும் இன்று. அருவருப்பை உணர்த்துதலே கருத்தாயின், அதற்குரிய அடைகளுக்கு நம் மொழியிற் பஞ்சமில்லை. அவற்றைப் பெய்து பாடிய பிற்காலப் பாடல்களும் பல உள. அடிகள் அவற்றைப் பெய்திலர்.

திங்கள்முறையிலும் ஒரு வரன்முறை உண்டு. முதல் ஏழு திங்களிலும் கருவிற்கு நேரும் ஊறுகள் வகைவகையாகச் சுட்டப்படுகின்றன: புழுக்களோடு போர், ஒன்று இரண்டாய்ப் பிளத்தல், உருத்திரளாது போதல், இருளில் அடங்கல், அழிதல், ஏழாந் திங்களில் நிரம்பாது நிலத்தில் வீழ்தல் என்றிவை அவற்றுட் சில. எட்டாந் திங்கள் தொட்டு இந்நடை மாறுகின்றது. இன்ன ஊறு என்னும் சுட்டு ஒழிந்து, கட்டம், துன்பம், துக்கம், துயர் என நோவின் பெயர்களே வருகின்றன. பத்தாந் திங்களிலோ அந்நோவு கடலாகப் பெருகுகின்றது. அங்குத்தான், முன்னர்க் கருவின் இருப்பிடமாக மட்டும் கூறப்பட்ட தாய், தானும் ஓர் உயிராக முதன்முதல் தோன்றுகின்றாள். அவளைக் குறிக்கும் பெயர் ‘ஒடு’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபேற்று உடனிகழ்ச்சிப் பொருளில் நிற்கின்றது. அந்நோவு மகவினது மட்டுமன்று, தாயினது மட்டுமன்று. இருவர்க்கும் ஒன்று என்பது அவ்வுருபின் ஆற்றல். இவ்வகவலிற் சில அடிகள் கழித்து மகளிரின் எழில் ஆடவர்க்கு இடராக எண்ணப்படுதலை எடுத்துக்காட்டிப் பெண்ணை இகழ்வார் உளர். அவர் அதற்கு முன்னரே ஒரு பெண் ஓர் உயிரோடு ஒத்த துணையாய்க் கடல்நடுவில் நிற்பதைக் கண்டிலர் போலும். ஒரே ஓர் இடைச்சொல்லில் அடிகள் தாய்க்கு அளித்த இவ்விடம் ஒரு நூல் எழுதி அளிப்பதினும் பெரிது.

பத்துத் திங்கள் என்னும் தொகையைக் குறித்தும் ஓர் ஐயம் எழுதல் உண்டு. மேனாட்டார் ஒன்பது மாதம் என்ப. நம்மவர் பத்து என்ப. இரண்டில் எது பொருந்தும் எனின், முரண் யாதுமில்லை. மருத்துவர் இக்காலத்துக் கணக்கிடும் முறையில், இறுதியாகப் பூப்புக் கண்ட முதல் நாள்தொட்டு மகப்பேறு 40 வாரம், அஃதாவது 280 நாள். 28 நாள் கொண்டது ஒரு திங்கள் எனக் கொள்ளின் அது பத்தே ஆகும். அடிகள் மதி, திங்கள் என நிலவின் பெயராலேயே எண்ணியதும் நோக்கத்தக்கது. ஏழாந் திங்களின் இடரும் வெறுங் கற்பனையன்று. 37 வாரம் நிரம்புமுன் பிறக்கும் மகவைக் குறைமாதக் குழந்தை என மருத்துவர் வகுப்பர். 28 வாரத்திற் பிறந்ததனை உய்விக்க இன்றும் பேருழைப்பு வேண்டப்படுகின்றது. பத்தாந் திங்களின் கடலும் இன்னும் வற்றவில்லை. 2018–20 ஆண்டுகட்குரிய மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிரொடு பிறந்த நூறாயிரம் மகவுக்கு இந்திய நாட்டில் 97 தாயரும் தமிழ்நாட்டில் 54 தாயரும் இறந்துபட்டனர். சென்னையில் மகப்பேற்றிற்கென 1844 இல் தொடங்கிய மருத்துவமனை இன்று எழும்பூரில் நிலவுகின்றது. முக்காடிட்ட மகளிர்க்கென 1885 இல் தொடங்கியது இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்குகின்றது. இவ்விடங்களில் அச்சத்தோடும் நம்பிக்கையோடும் நாள் எண்ணியிருந்த மகளிர்க்கு அடிகளின் கடலுருவகத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இனிச் சித்தாந்தத்தை நோக்குவாம். பிறவி அறுதலே வேண்டற்பாலது என்பது நம் கொள்கை. ஆயின் பிறவி தரப்படுதல் அருளின்பாற்பட்டது என்பதும் நம் கொள்கையே. ஆணவ இருளில் அறிவிழந்து கிடந்த உயிர்க்குத் தனு கரண புவன போகங்களை மாயையினின்று இறைவன் கூட்டுவது, அழுக்கேறிய துணியைச் சாணியும் உவரும் இட்டு வண்ணான் வெளுப்பது போலும் என்று சிவஞான சித்தியார் விளக்குகின்றது. உவரும் ஒருவகை அழுக்கே; எனினும் அழுக்கைப் போக்குதற்கு அதனினும் வேறு வழியில்லை. அந்நூலே, நால்வகைத் தோற்றத்து எண்பத்துநான்கு நூறாயிரம் பிறப்பையும் கடந்து மக்கட்பிறப்பை அடைதல் கடலைக் கையால் நீந்திக் கரையேறுவதனோடு ஒக்கும் என்கின்றது. திருவாசகத்திலும் கடல், சித்தியாரிலும் கடல். ஒன்று அக்கடலின் துயரைக் கூறும். மற்றொன்று அதன் கரையின் அருமையைக் கூறும். நிறைமாதத்துத் தாய் இருகடலின் ஒரே கரையாய் நிற்கின்றாள். உயிர் வீடு பெறுதற்கு வாயிலாகிய உடம்பு அவள் வயிற்றில் அமைகின்றது. இறைவன் எழுந்தருளும் இடத்தையும் உயிர் தங்கும் இடத்தையும் கரு என்னும் ஒரு சொல்லாலே வழங்கும் மரபினர், ஒன்றை வணங்கி மற்றொன்றை வெறுத்தல் எங்ஙனம்?

இதற்கு ஓர் ஆசங்கை. திருமந்திரம் இரண்டாந் தந்திரத்துக் கர்ப்பக் கிரியையில், தாயின் வயிற்றில் மலசலங்களின் மிகுதிபற்றி மகவு மந்தமாகவும் ஊமையாகவும் குருடாகவும் பிறக்கும் என்றும், தந்தையின் மூச்சு ஓடும் பக்கம்பற்றி ஆண் பெண் என்னும் பகுப்பு அமையும் என்றும் கூறப்பட்டதன்றோ? குறை நேர்ந்துழித் தாயையே பழித்தற்கு அது சான்றாகாதோ எனின், ஆகாது. உடம்பின் இயல்பைப் பற்றி நூலாசிரியர் தம் காலத்து மருத்துவ வழக்கைத் தழுவிக் கூறுவன ஒருவகை. பதி பசு பாசங்களின் உண்மையைக் கூறுவன மற்றொருவகை. முன்னது ஆராய்ச்சியால் திருந்தும், பின்னதே சித்தாந்தம். ஆண் பெண் பகுப்புத் தந்தையின் வித்திலுள்ள நிறத்திரிபற்றி அமையும் என்றும், பார்வையும் செவியும் பழுதாதற்குக் காரணம் வேறு பல என்றும் இன்று அறிவோம். எனவே பெண் மகவு பெற்றவளையோ, குறையுள்ள மகவு பெற்றவளையோ திருமந்திரத்தின் பெயரால் வைதல் நூலுக்கும் இழுக்கு, மாந்தர்க்கும் இழுக்கு.

அப்பகுதியின் உயிர்நிலை வேறோர் இடத்தில் உள்ளது. கருவை அளித்த தந்தைக்கும் ஏற்ற தாய்க்கும் அதன் இயல்பு தெரியாது. பொன்னைப் பணியாக்கும் தட்டானைப் போல உள்ளிருந்து உருவாக்குபவன் அறிந்தும் எவர்க்கும் சொல்வதில்லை என்று அங்குத் திருமூலர் வியக்கின்றார். இக்காலத்து ஒலியலைக் கருவியால் மகவின் உருவைக் காணும் மருத்துவர்க்கும், கரு ஆணோ பெண்ணோ எனக் கூறலாகாது என்று 1994 ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. பெண்கரு அழிக்கப்பட்டமையின் அத்தடை வேண்டியதாயிற்று. அறிந்தும் சொல்லாமை ஓர் அருட்செயல் ஆதலை இவ்வாறேனும் உலகம் உணர்ந்தது.

இனி, நம்மவரிடையே இன்று பரவிவரும் ஒரு வழக்கத்தைத் தொட்டுச் செல்லாது இக்கட்டுரை நிரம்பாது. நல்ல நாளும் ஓரையும் சோதிடரிடம் குறித்துவந்து, அந்நேரத்தில் வயிற்றை அறுத்து மகவை எடுக்குமாறு மருத்துவரை வேண்டுவோர் சென்னையிலும் பிற ஊர்களிலும் உளர். இதற்குப் பெரியபுராணத்தையே சான்று காட்டுவாரும் இருத்தல் கூடும். சுபதேவன் மனைவியாகிய கமலவதி மகப்பெறும் வேளையில், ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் இம்மகவு மூவுலகும் ஆளும் என்று காலக்கணிதர் கூற, அவ்வரசி தன்னைக் கால்மேலாகத் தூக்கிக் கட்டுமாறு பணித்து, அந்நாழிகை கழித்து மகவைப் பெற்று உயிர் நீத்தாள். காலம் தாழ்த்துப் பிறந்தமையாற் சிவந்த கண்ணுடைய அம்மகவே கோச்செங்கட்சோழ நாயனார்.

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குக. கோச்செங்கணார் அரசரானது ஒரு நாழிகையின் பயனோ? திருவானைக்காவில் இறைவன் திருமேனிமேற் சருகு உதிராவண்ணம் நூற்பந்தர் இழைத்த சிலந்தியே சோழர் குலத்து வந்து பிறந்தது என்று சேக்கிழார் முன்னரே கூறிவிட்டார். அரசு வந்தது அத்தொண்டின் பயனாக. நாழிகை அதற்கு ஒரு நிமித்தம். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்துவிட்டன என்று சித்தியார் கூறுதலும் காண்க. கருப்பத்தில் அமைந்ததனைக் கடிகாரத்தால் மாற்றப் புகுதல் வினைக்கொள்கையை உணராதார் செயல். கமலவதியின் ஈகம் வணங்கத்தக்கது. ஆயின் பின்பற்றுமாறு சேக்கிழார் விதித்த விதி அன்று. அந்நாழிகையின் விலை ஒரு தாயின் உயிர் என்பதையும் அவர் மறைத்திலர். மறைக்காட்டில் அப்பரடிகள் நாளும் கோளும் நன்றல்ல எனத் தடுத்தபோது, அடியார்க்கு அவை நல்லவே ஆம் எனப் பதிகம் பாடிப் புறப்பட்ட சம்பந்தப்பிள்ளையாரின் வழியினர் நாம். அப்பதிகத்தை நாள்தோறும் ஓதிவிட்டு, ஓரையின் பொருட்டுத் தாயின் உடலில் வாள் வைத்தல் ஓதியதற்கு மாறு. தாய்க்கோ மகவுக்கோ இடர் உளதாயின் அறுவை உயிர்காக்கும் மருந்து. அதனை மறுத்தலும் பிழையே. இடர் இல்லாதவிடத்து 39 வாரம் நிரம்புமுன் மகவை எடுத்தல் மூச்சுத் துன்பத்திற்கு இடமாகும் என மருத்துவர் எச்சரிப்பதனைக் கேட்க. அவ்வாறே மகவின் அசைவு குறைந்தாலும், குருதி கண்டாலும், கடுந்தலைவலியொடு கண் மங்கினாலும் இராகுகாலம் கழியட்டும் என்று காத்திராது அக்கணமே மருத்துவரை அடைக.

நாள் நெருங்குங்கால் இல்லத்தார் செய்யும் முன்னேற்பாடுகளும் சித்தாந்தக் கண்ணாற் காணத்தக்கன. பழந்துணி துவைத்து மடிப்பர், தொட்டில் கட்டுவர், தாயை அழைத்துவந்து அருகிருத்துவர். இவற்றுக்கெல்லாம் முன்னரே இறைவனின் ஏற்பாடு தொடங்கிவிடுகின்றது. மகவு பிறத்தற்குப் பல வாரங்கட்கு முன்பே தாயின் மார்பிற் சீம்பால் ஊறத் தொடங்குகின்றது. தாயின் குருதியிலுள்ள நோய்தடுக்கும் ஆற்றல் இறுதி வாரங்களிலேதான் மகவிற்கு மிகுதியாகச் சென்று சேர்கின்றது. பசி தோன்றுமுன் பால். நோய் தோன்றுமுன் காப்பு. வேண்டுமுன் தருதல் அருளின் இயல்பு என்பதற்கு இதனினும் அண்மையில் உள்ள சான்று யாது? வேளையறிந்து பாலூட்டும் தாயினும் இரங்குபவன் என்று அடிகள் இறைவனைப் பாடியதன் உண்மை இந்நாட்களில் ஒவ்வோர் இல்லத்திலும் மெய்ப்படுகின்றது.

வளைகாப்பும் இத்தகையதே. ஆடிப்பூரத்தன்று அம்பிகைக்கு வளையல் சாத்தி, அவ்வளையலைக் கருவுற்ற மகளிர்க்கு வழங்குதல் நம் கோயில்களில் வழக்கம். உலகனைத்தையும் ஈன்றும் கன்னியாய் உள்ளாள் அம்மை. அவள் கையில் இருந்தது இவள் கைக்கு வருங்கால், ஈனும் தொழில் எவளுடையது என்பது குறிப்பாற் புலப்படும். சிராப்பள்ளியில், காவிரி பெருகித் தாய் வரவியலாது தவித்த ஒருத்திக்கு இறைவனே அவள் தாயாய் வந்து மகப்பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. தாயுமானவர் என்னும் திருப்பெயர் அதனால் வந்தது. மகப்பேறு தீட்டாயின் இறைவன் அவ்வறையிற் புகுந்தது ஏன்? தீட்டென்று நாம் ஒதுங்கிநின்ற இடத்தில் அவன் ஒதுங்காது நின்றான் என்பதன்றோ அவ்வரலாற்றின் பொருள்!

திருமயிலைக்கு இப்பொருளில் ஒரு தனியுரிமை உண்டு. அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் சாம்பரும் என்பும் இட்ட குடத்தை நோக்கி ஞானசம்பந்தர் திருவிழாக்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி, இவற்றைக் காணாது போதியோ என வினவ, குடம் உடைந்து அவள் எழுந்தாள். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாப் போதரும் நாளின் காலையில் அவ்வரலாறு இன்றும் கபாலீச்சரத்தில் நடித்துக் காட்டப்படுகின்றது. சிவநேசர் அவளைப் பிள்ளையார்க்கு மணஞ்செய்விக்க வேண்டியபோது, தம்மால் உயிர்பெற்றவள் தமக்கு மகளாதலின் அஃது ஆகாது என அவர் மறுத்தார். குடம் கருவாயிற்று, பாட்டு அதனைக் காத்து வெளிக்கொணர்ந்தது, பாடியவர் பெற்றவர் ஆயினார். அழைத்தற்கு அவர் கூறியது யாது? உலகம் துன்பமயம் என்று கூறிற்றிலர்; காண்டற்குரிய விழாக்கள் உள, வா என்றார். பிறக்கப்போகும் உயிர்க்குச் சைவர் கூறும் நல்வரவு இதுவே.

இதனோடு ஒன்று. வயிற்றிலுள்ள மகவு இறுதித் திங்கள்களில் தாயின் குரலைக் கேட்கின்றது; பிறந்தபின் அக்குரலை வேறு குரலினின்று பிரித்தறிகின்றது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஆகவே நிறைமாதத்தாள் திருவாசகம் ஓதுங்கால் கேட்போர் இருவர். போற்றித் திருவகவலில் அம்மகவு கேட்பது தன் வரலாற்றையே. இன்ன இன்ன இடர்களில் நீ காக்கப்பெற்றாய் என்பதை. இதனை மங்கலமன்று என்று விலக்குதல் பொருந்துமாறு யாங்ஙனம்? காத்தான் பெயரைக் கூறிக் காக்கப்பெற்றதை எண்ணுதலினும் மங்கலம் பிறிதில்லை.

இதுகாறும் கூறியவாற்றால், போற்றித் திருவகவலின் கருப்பகுதி பிறவியிடத்தை இகழ எழுந்ததன்று, திங்கள்தோறும் நிகழ்ந்த திருவருட்காப்பை எண்ண எழுந்தது என்பதூஉம், பத்தாந் திங்களிற் தாயை உடன்வைத்து ஓதியது அவள் நோவுக்கு அடிகள் அளித்த மதிப்பு என்பதூஉம், கருவுற்றார் அதனை ஓதுதல் தக்கதே என்பதூஉம் பெறப்பட்டன. நாள் நெருங்கிய மகளிர் உள்ள இல்லத்தார் அவ்வடிகளை மெல்ல, பொருளுணர்ந்து, அவர் கேட்க ஓதுக. ஓதி முடித்தபின், ‘ஒடு’ என்னும் உருபின் பொருளை நினைந்து, அவர் படும் துயரில் தாமும் உடன்நிற்க.

திருச்சிற்றம்பலம்.